வெங்காய வயலில் நான் விட்ட வெள்ளம்

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். புனே பக்கம் ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நிக்டியில் இரண்டாம் மாடியில் குடியிருப்பு. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் வாராந்தர விடுமுறை வியாழக்கிழமை. ஊரே ஞாயிறு கொண்டாடும்போது நாங்கள் வேலைக்குப் போவோம்; ஊர் வேலைக்குப் போகும்போது நாங்கள் லுங்கியோடு பால்கனியில் நிற்போம். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, கீழே காலனி மண்டபத்தில் ஏதோ கருத்தரங்கு என்று பலகை வைத்திருந்தார்கள். "மாவட்டக் கிராமப்புறங்களில் விவசாய, உணவு உற்பத்தி வாய்ப்புகள்" என்பது தலைப்பு. அதன் கீழே சிறிய எழுத்தில் சமோசாவும் தேநீரும் உண்டு என்று எழுதியிருந்தது. நான் சிறிய எழுத்தைப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன் என்பதை இத்தனை ஆண்டு கழித்து மறைத்து என்ன பயன்.

உள்ளே திரையில் படம் படமாகக் காட்டினார்கள். காளான், பசுமைக்குடில் ரோஜா, தக்காளிக் கூழ், பேபி கார்ன் என்கிற பிஞ்சுச் சோளம். நகரம் வளர வளர, சுற்றிலும் உள்ள கிராமங்கள்தான் அதற்குச் சோறு போடப்போகின்றன, வாய்ப்பு மண்ணில் கொட்டிக் கிடக்கிறது, குனிந்து எடுக்கத்தான் ஆளில்லை என்றார் பேச்சாளர். இரண்டாவது சமோசா முடிவதற்குள் குனிவது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

எனக்கு ஒரு யோசனையும் உதித்தது. அப்போது நிக்டியில் சின்ன வெங்காயம் என்பது ரயிலில் வருகிற விருந்தாளி. யாராவது ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், "பயணம் சௌகரியமா" என்று கேட்கும் முன்பே அவர் பையைத்தான் எல்லாரும் பார்ப்போம். இத்தனை தமிழ்க் குடும்பங்கள் பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டு மனதைத் தேற்றிக்கொள்கிற ஊரில், சின்ன வெங்காயம் பயிரிட்டால் என்ன?

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஏங்க, ரோஜாத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தச் சொன்னா பக்கத்து வீட்டுத் தொட்டிக்கு ஊத்திட்டு வந்தவரு நீங்க. ஞாபகம் இருக்கா?"

"நான் தஞ்சாவூர்க்காரன்டி."

"தஞ்சாவூர்ல ஒங்க அப்பா தபால் ஆபீஸ்ல இருந்தாரு. அதையும் சேத்துச் சொல்லுங்க."

அதைச் சேர்த்துச் சொல்லாததுதான் இந்தக் கதையின் வேர். தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் ஒரு மராத்தி நண்பர் இருந்தார். பாவு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அண்ணன் தம்பி என்கிற பொருளில் அங்கே அதுதான் மரியாதை. ராஜகுருநகருக்கு அப்பால் ஒரு கிராமத்தில் அவருக்கு நிலம். வாரம் முழுக்க அவர் ஆகுர்டியில் ஒரு அறையில் தங்கி இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். அங்கே அவர் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொள்வார். சாப்பாட்டு இடைவேளையில் ஒருமுறை அவர் என் ஊரைக் கேட்டார். தஞ்சாவூர் என்றேன். "அட, நெல்லு விளையுற ஊரு. அப்ப நம்மாளு," என்று முதுகில் தட்டினார். என் அப்பா விற்றது தபால் தலை, விளைந்தது சம்பளம் என்று சொல்ல அது நல்ல தருணம். நான் தயிர்சாதத்தை மென்றுகொண்டு மையமாகத் தலையாட்டினேன்.

கேட்டதும் கொடுத்துவிட்டார். அவர் வயலின் மேல்கோடியில் ஒரு துண்டு நிலம். அதற்கு வாடகை என்று பேச்சே எடுக்கவில்லை. விளைந்தால் ஒரு மூட்டை சின்ன வெங்காயம், அது எப்படி இருக்கும் என்று தின்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். திண்டுக்கல்லிலிருந்து விதை வெங்காயம் ரயிலில் வந்தது. அந்தப் பெட்டியில் பயணம் செய்தவர்கள் இன்றைக்கும் என்னை வாழ்த்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு வியாழக்கிழமை தோறும் காலையில் நாசிக் சாலையில் அரசின் சிவப்பு எஸ்.டி. பஸ் பிடித்துப் போவோம், பாவுவும் நானும். நண்பனின் மனைவியை அங்கே வைனி என்பார்கள், நம் அண்ணி. அவர் என்னைப் பாவோஜி என்பார், கொழுந்தனாரே என்பது போல. உயரமான பெண்மணி, ஒன்பது கெஜப் புடவையை இழுத்துச் செருகி வரப்பில் நடந்தால் பின்னால் நாங்கள் ஓட வேண்டும். முதல் நாள் நான் நட்ட பாத்தியை வரப்பில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நான் ஆறு அங்குல எஃகு அளவுகோல் வைத்து, செடிக்குச் செடி இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி நட்டிருந்தேன். தரக்கட்டுப்பாடு ரத்தத்தில் ஊறியது.

"நல்லாருக்கு பாவோஜி," என்றார் வைனி. "ஆனா வெங்காயத்துக்குப் படிக்கத் தெரியாது."

அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் மூக்கில் ஈர மண் வாசம் வருகிறது. பஸ்ஸில் ஏறும்போது தொழிற்சாலை எண்ணெய் வாடையோடு ஏறி, இறங்கும்போது சாண வாடையோடு இறங்குவோம். கையில் கொப்புளம். வெள்ளிக்கிழமை அதை அலுவலகத்தில் எல்லாருக்கும் காட்டுவேன், பதக்கம் மாதிரி.

ஏப்ரல் முடியப்போனது. என் சின்ன வெங்காயம் இன்னும் பச்சையாக நின்றது, தண்ணீர் கேட்டது. என் துண்டுக்குக் கீழே சரிவில் இருந்த வைனியின் வெங்காயம் முற்றிவிட்டது. பிடுங்கி, வயலிலேயே வரிசை வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு வரிசையின் தாள் அடுத்த வரிசைக் காய்களை மூடும்படி அடுக்குவார்கள். வெயில் நேராகப் படாமல் கழுத்து காய வேண்டும். நாலைந்து நாளில் தாளை அரிந்துவிட்டு, சட்டம் அடித்துக் காற்றோட்டமாகக் கட்டிய கொட்டகையில் சேர்த்துவிட்டால், விநாயகர் சதுர்த்தி வரை தாங்கும். அப்போது விலை ஏறும். அந்த விலையை நம்பித்தான் அவர்களுடைய மூத்த பெண்ணின் நர்ஸ் படிப்பு இருந்தது. பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு அந்தப் பெண் வீட்டில் வருகிறவர் போகிறவரையெல்லாம் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரம் பட்ட வெங்காயம் கொட்டகையில் தாங்காது. அழுகி, பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். இதெல்லாம் வைனி எனக்குச் சொல்லியிருந்தார். நானும் மையமாகத் தலையாட்டியிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை பாவுவுக்கு வேலை. விடுமுறையில்தானே இயந்திரங்களைக் கழற்ற முடியும். நான் தனியாகப் போனேன். போய்ச் சேரும்போது வைனியும் பெண்ணும் ராஜகுருநகருக்குக் கிளம்பி நின்றார்கள், கல்லூரி விண்ணப்பத்துக்காக. வைனி இடுப்பிலிருந்து மோட்டார் அறைச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"கரண்ட் எப்ப வரும்னு தெரியாது. வந்தா உங்க பாத்திக்குத் தண்ணி விடுங்க. முடிஞ்சதும் நிறுத்திட்டுப் பூட்டிடுங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா."

சொல்லியிருக்க வேண்டும்.

நான் முதலில் மண்வெட்டியால் வாய்க்காலை என் பாத்திப் பக்கம் வெட்டித் திறந்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய், மோட்டார் அறையைத் திறந்து பச்சைப் பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்கினேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு விசை. அதை மேலே தள்ளினேன். ஒன்றுமில்லை. கரண்ட் இல்லை என்பதைப் பொறியியல் பட்டயம் பெற்ற நான் புரிந்துகொள்ளப் பத்து நிமிடம் ஆனது. சரி, கரண்ட் வந்த பிறகு வருவோம் என்று அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டு, பஸ் நிறுத்தத்துத் தேநீர்க் கடைக்கு நடந்தேன்.

அந்தச் சின்னப் பெட்டி என்னவென்று அங்கே பிறந்த கோழிக்குக்கூடத் தெரியும். ஆட்டோ ஸ்விட்ச். அதை மேலே தள்ளிவிட்டால், கரண்ட் எப்போது வந்தாலும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கிவிடும்.

கடையில் மிசல் என்கிற காரப் பயறுக் குழம்பும் பாவ் ரொட்டியும் சாப்பிட்டேன். காரத்தில் கண்ணில் நீர். அப்போது தலைக்கு மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ஆகா, என்ன சுகமான காற்று என்று நினைத்தேன். இதை இன்றைக்கும் என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுவாள்: "காத்து வருதுன்னு சந்தோசப்பட்டாராம்." இன்னொரு தேநீர் சொன்னேன். வெயில் தாழட்டும், பிறகு போய்த் தண்ணீர் விடலாம் என்று பெஞ்சில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது.

திரும்பி நடக்கும்போது தூரத்திலிருந்தே ஏதோ பளபளத்தது. வயலுக்குள் வானம் தெரிந்தது. எனக்கு முதலில் அழகாக இருந்தது. அடுத்த நொடி புரிந்துவிட்டது. என் பாத்தி நிரம்பி, நான் அளவுகோல் வைத்துக் கட்டிய வரப்பு உடைந்து, தண்ணீர் அமைதியாக, அவசரமே இல்லாமல், வைனியின் வெங்காய வரிசைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். அவசரத்தில் சாவியைத் தலைகீழாகச் செருகி, திருப்பிச் செருகினேன். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் கீழ்ப்பக்க வரிசைகள் கணுக்கால் தண்ணீரில் கிடந்தன. தாள்கள் மிதந்தன. சட்டையைக் கழற்றி, அதில் வெங்காயத்தை அள்ளி அள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டினேன். கரிசல் மண், ஒவ்வோர் அடிக்கும் ஒரு செருப்பு எடை கூடியது. இருபது நடை நடந்த பிறகு திரும்பிப் பார்த்தால் வயலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போதுதான் பஸ் வந்து நின்றது. வைனியும் பெண்ணும் இறங்கினார்கள். பெண் கையில் விண்ணப்பப் படிவம், காற்றில் பறக்காமல் நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

என்னை அந்தக் கோலத்தில் பார்த்து வைனி ஒரு கணம் நின்றார். எதைச் சொல்லித் திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"மோட்டார நிறுத்திட்டீங்களா?"

"நிறுத்திட்டேன் வைனி."

"சரி," என்று புடவையைச் செருகிக்கொண்டார். பெண்ணிடம், "கோயிலுக்கு ஓடு. மைக்ல இர்ஜிக்னு சொல்லச் சொல்லு," என்றார்.

இர்ஜிக் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒருவர் வேலை அவர் கைக்கு மீறிவிட்டால் ஊரை அழைப்பார். அவரவர் தம் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். கூலி கிடையாது. அழைத்தவர் சாப்பாடு போடுவார். கரண்ட் இருந்ததால் கோயில் ஒலிபெருக்கி நன்றாகவே வேலை செய்தது. "பாவு வயல்ல மதராஸி அண்ணா தண்ணி விட்டுட்டாரு, எல்லாரும் கூடையோட வாங்க," என்று மூன்று முறை அறிவித்தார்கள். சுற்றுப்பட்ட கிராமங்களுக்கும் கேட்டிருக்கும். வாழ்க்கையில் என் புகழ் ஒலிபெருக்கியில் பரவியது அந்த ஒரு முறைதான்.

வந்தார்கள். கூடை, கோணி, தலைப்பாகைத் துணி, ஒருவர் மகனின் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கொண்டுவந்தார். யாரும் எப்படி ஆயிற்று என்று கேட்கவில்லை. வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி வெங்காயத்தை வெளியே ஏற்றினார்கள். நனையாததைக் கொட்டகைப் பக்கம், நனைந்ததைக் கோயில் மண்டபத்துக்கு. அங்கேதான் நிழலும் காற்றும் சேர்ந்து கிடைக்கும். மண்டபம் முழுக்கக் கல்தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். சாமிக்கு அன்று வெங்காய வாசனையில்தான் மாலை பூஜை. ஒரு பெரியவர் மட்டும் என் பக்கத்தில் கூடையை இறக்கிவிட்டு, "அண்ணா, உங்க ஊர்ல வெங்காயத்த நீச்சல் பழக்கித்தான் விப்பீங்களா," என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. வைனியும் சிரித்தார். எனக்கு அழுகையாக வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொள்ள வசதியாக இருந்தது.

வெளிச்சம் போகும் முன் வேலை முடிந்தது. வைனி வீட்டு முற்றத்தில் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். பாக்ரி என்கிற சோள ரொட்டி, கடலைமாவைக் காரமாகக் கிண்டிய பிட்லா, கையால் குத்தி உடைத்த பச்சை வெங்காயம். நான் கிணற்றடியில் கால் கழுவுகிற சாக்கில் நின்றுகொண்டிருந்தேன். எந்த முகத்தோடு போய் உட்காருவது? வைனியே வந்தார்.

"வாங்க. இர்ஜிக்ல கை வெச்சவங்க சாப்பிடாமப் போகக் கூடாது."

"வைனி, நான் ஒண்ணு சொல்லணும். நான் விவசாயி வீட்டுப் பையன் இல்ல. எங்க அப்பா தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் வித்தாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. அத நம்பித்தான் நீங்க சாவியக் குடுத்தீங்க."

வைனி தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மொத நாளே தெரியும் பாவோஜி. மம்முட்டிய நீங்க பேனா பிடிக்கிற மாதிரி பிடிச்சீங்க."

"அப்புறம் ஏன் சாவியக் குடுத்தீங்க?"

"ஒவ்வொரு வாரமும் பஸ் ஏறி வர்ற மனுசன். சாவி குடுக்காம எப்படிக் கத்துப்பாரு? கால் காஞ்சுதா, வந்து உக்காருங்க. பிட்லா ஆறுது."

போய் உட்கார்ந்தேன். நீச்சல் கேள்வி கேட்ட பெரியவர் நகர்ந்து இடம் கொடுத்தார். தன் வெங்காயத்தை என் தட்டின் ஓரத்தில் வைத்துக் குத்தி உடைத்துக் கொடுத்தார். அதை மாதிரி ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்பும் பின்பும் சாப்பிட்டதில்லை.

நனையாத பங்குதான் அதிகம். அது கொட்டகை ஏறியது. நனைந்தது மண்டபத்தில் உலர்ந்தாலும் சதுர்த்தி வரை தாங்காது. மறு வாரம் பாவு ஒரு டெம்போவில் அதை ஏற்றி நிக்டிக்கே கொண்டுவந்துவிட்டார். "நீங்க நனைச்சது, நீங்களே தின்னுங்க," என்றார். கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். டெம்போ கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

மனைவி படியிறங்கி வந்து பார்த்தாள். "சின்ன வெங்காயம் வரும்னீங்க. பெரிசா வந்திருக்கு, அதுவும் குளிச்சிட்டு வந்திருக்கு." பிறகு ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். எனக்கு அப்போது தெரியாது, அவள் தலைக்குள் வேறு கருத்தரங்கு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் காலனித் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும் அரிவாள்மனையோடு மாடியில் இருந்தார்கள். வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், மஞ்சள், விளக்கெண்ணெய். வெங்காய வடகம். மே மாத வெயிலில் மராத்தி வீட்டார் பாப்பட் என்கிற அப்பளம் காயவைக்கிற மொட்டை மாடியில், அவர்களோடு இடம் பேசிப் பகிர்ந்துகொண்டு, உருண்டை உருண்டையாகப் பரப்பினார்கள். என்னைக் காக்கை ஓட்ட உட்கார வைத்தார்கள். ஸ்விட்ச் எதுவும் இல்லாத வேலை.

அந்த வடகத்தின் வாசம் தெருமுனை வரை போனது. வைனி ஒருநாள் பெண்ணோடு வந்து, மாடியில் உட்கார்ந்து, "இது எங்க சாண்டகே மாதிரில்ல இருக்கு," என்று முகர்ந்து பார்த்துவிட்டு, உருட்டக் கற்றுக்கொண்டு போனார். அடுத்த ஆண்டிலிருந்து கொட்டகைக்கு ஆகாத பொடி வெங்காயமெல்லாம் கிராமத்திலேயே வடகமாகி, எங்கள் காலனிக்கும், பிறகு கராடிப் பக்கம் வந்திறங்கிய கணினிப் பிள்ளைகளின் சமையலறைக்கும் போனது. திரையில் காட்டிய படங்களில் இந்த வாய்ப்பு இல்லை. என் சின்ன வெங்காயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மிளகு அளவில் ஒரு கூடை வந்தது. வாக்குப்படி பாவுவுக்குக் கொடுத்தேன். பூதக்கண்ணாடியும் சேர்த்துத் தரச் சொன்னார்.

அந்தப் பெண் நர்ஸ் ஆகிவிட்டாள்; அவளுக்கு நான் காகா, நம் சித்தப்பா. இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒருமுறை வயிற்று வலி வந்தபோது, அவள் வேலை பார்க்கிற மருத்துவமனைக்குத்தான் போய்ப் படுத்தேன். கையில் ஊசி குத்தி, மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து சொட்டு சரியாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு, போர்வையை இழுத்து மூடினாள். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். "காகா, இந்தப் பாட்டில் திருகாணிய மட்டும் தொடாதீங்க," என்றாள். வலியை மறந்து சிரித்தேன்.

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அதே நிக்டியில் அதே பால்கனியில் நிற்கிறேன். எல்லாக் கிழமையும் வியாழக்கிழமை ஆகிவிட்டது. மின்சாரம் போனால் வீட்டில் மற்றவர்கள் மெழுகுவத்தி தேடுவார்கள். நான் இருட்டில் தடவித் தடவி ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்துக்கொண்டு வருவேன். பேரப்பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. எனக்கு அந்தச் சாவியின் எடை கையில் வந்துபோகும். என்னை இன்னாரென்று தெரிந்தே ஒருவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்த சாவி அது. அதற்குத் தகுந்த ஆளாக நான் இன்னும் ஆகிக்கொண்டுதான் இருக்கிறேன்.